வாசலில் களை வேண்டும்

ஒரு காட்டில் ஓர் ஊர் இருந்தது. காட்டுக்குள் ஏது ஊர் என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளே? ஊர் கட்டும் உரிமை மனிதர்களுக்கு மட்டும்தான் என்று யாரும் பட்டயம் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் காட்டு மிருகங்களுக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை வந்தது. மரங்களை வெட்டின. பாறைகளை உருட்டி வந்து மதில் எழுப்பின. தெருவெல்லாம் கல் பாவின. கட்டி முடித்ததும் அதற்குப் பட்டணம் என்று பெயரும் வைத்துக்கொண்டன.

பட்டணத்துக்கு ராஜா சிங்கம். சிங்கத்துக்குப் பெருமை அதிகம். மந்திரி மயில். மயிலுக்கு அழகு அதிகம். அது மயிலுக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை.

பட்டணத்தின் வாசலில், மதிலுக்கு வெளியே ஒரு மேடு கிடந்தது. சரளையும் உடைந்த கல்லுமான மேடு. கட்டடம் கட்டியபோது மிஞ்சியதையெல்லாம் அங்கேதான் கொட்டியிருந்தார்கள். நாள் முழுக்க வெயில் அதன்மேல் விழும். வீடு கட்டவும் ஆகாது, விளையாடவும் ஆகாது என்று எல்லாரும் அதைக் கைகழுவி விட்டார்கள்.

ஆனால் மண் யாரையும் கைகழுவாது. அந்த மேட்டில் ஆவாரை மஞ்சளாகப் பூத்தது. கொழிஞ்சி ஊதாவாகப் பூத்தது. மழை பெய்ததும் தும்பை வெள்ளை வெளேரென்று மூடிக்கொண்டது. பூவைத் தேடித் தேனீ வந்தது, எறும்பு வந்தது, வெட்டுக்கிளி வந்தது. அவற்றைத் தேடி வீராயி வந்தாள்.

வீராயி ஒரு கவுதாரி. மற்ற மிருகங்களை "அது" என்று சொன்னாலும் வீராயியை அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் கொத்த வந்துவிடுவாள். உருவத்தில் ஒரு கைப்பிடிதான். குரல் மட்டும் மதிலைத் தாண்டிக் கேட்கும். அந்த மேட்டில்தான், கொழிஞ்சிச் செடிகளுக்கு நடுவே தரையில் பள்ளம் பறித்து, முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த வீடு அது ஒன்றுதான்.

இப்படி இருக்கையில், அடுத்த காட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்தக் காட்டு ராஜாவான யானை, கார்த்திகை மாதத்தில் பட்டணத்தைப் பார்க்க வருகிறதாம்.

சிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சபையைக் கூட்டியது.

"யானை ராஜா முதலில் பார்க்கப்போவது நம் வாசலைத்தான். வாசல் எப்படி இருக்கிறது, மந்திரி?"

மயில் தோகையை ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டது. "சொல்லவே வாய் கூசுகிறது, ராஜா. ஒரே களை. குளிர்மலையில் அருமையான பூச்செடிகள் இருக்கின்றன. தலை அகலத்துக்குப் பூக்கும். கரடிகளை அனுப்பி அவற்றைப் பெயர்த்து வந்து நட்டுவிடலாம். அதற்கு முன்னால் அந்தக் களைகளை ஒழித்துக்கட்ட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். போடு தண்டோரா! ஊர் வாசலில் களை இருக்கக் கூடாது!"

தண்டோரா போடுவது கழுதையின் வேலை. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ராஜா வாயிலிருந்து என்ன வருகிறதோ, அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் கத்தும். பொருள் என்ன என்று யோசிக்கிற கெட்ட பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. கழுதை கத்திவிட்டால் அது சட்டம். அதற்குப் பிறகு, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சிங்கம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. திறந்தால், ராஜா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஆகிவிடுமே!

கழுதை தெருத்தெருவாகப் போனது. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஊர் வாசலில் களை இருக்கக் கூடாது! இது ராஜா உத்தரவு!"

முட்டைமேல் உட்கார்ந்திருந்த வீராயியின் காதில் அது விழுந்தது. அவ்வளவுதான். முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு, இறக்கையை அடித்துக்கொண்டு நேரே சபைக்குப் போய் நின்றாள்.

"ராஜா, அந்த மேட்டிலே இருக்கிறதும் பூதான்."

"பூவா?" என்று சிரித்தது மயில். "தும்பையும் கொழிஞ்சியும் பூ என்றால், நீயும் மயில்தான்."

சபை கொல்லென்று சிரித்தது. வீராயி அசையவில்லை.

"நான் மயிலாக வேணாம், மந்திரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. களைன்னா என்ன?"

"யாரும் நடாமல், யாரும் கேட்காமல், தானாக முளைத்தால் அது களை."

"இந்தக் காடே அப்படி முளைச்சதுதான். உங்க தோகையைக்கூட யாரும் நட்டுத் தண்ணி ஊத்தலியே!"

இப்போது சபை வேறு பக்கம் பார்த்துச் சிரித்தது. மயிலின் கழுத்து இன்னும் நீலமானது. சிங்கம் தரையில் ஓங்கி அறைந்தது.

"போதும்! சொன்னது சொன்னதுதான். உனக்கு அந்த இடம் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்."

"என் முட்டை அங்கே இருக்கு, ராஜா. முட்டைக்குக் கால் கிடையாது."

"அது உன் பாடு" என்றது சிங்கம்.

வீராயி தலையைக் குனியாமல்தான் வெளியே வந்தாள். ஒரு முட்டையாவது உடைந்திருந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே பறந்தாள்.

மேட்டுக்கு வந்தபோது பன்றி வேலையைத் தொடங்கியிருந்தது. தோண்டுவதற்கென்றே பிறந்த மூக்கு அதற்கு. ஒரு முட்டு முட்டினால் ஒரு செடி மல்லாந்தது. ஆவாரையின் கிளைகள் முறிந்து கிடந்தன. தும்பை வேரோடு வெயிலில் காய்ந்தது. கொழிஞ்சிப் புதரை நோக்கிப் பன்றி மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

வீராயி புதருக்கு முன்னால் இறக்கையை விரித்து நின்றாள்.

"பன்றியண்ணே, இதுக்கு மேலே ஓர் அடி வச்சே, நடக்கிறதே வேற."

"நான் என்ன தாயி செய்யட்டும்? ராஜா உத்தரவு."

"உத்தரவு உன் மூக்கை ஒண்ணும் செய்யாது. நான் செய்வேன்."

பன்றி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்தது. வீராயி பாய்ந்து அதன் மூக்கு நுனியில் ஒரு கொத்துக் கொத்தினாள். பன்றிக்கு உடம்பெல்லாம் தோல், மூக்கு மட்டும்தான் பூ. வலி உச்சந்தலைக்கு ஏறியது.

"ஐயோ! இத்தனூண்டு குருவிக்கு இவ்வளவு கொழுப்பா!"

"குருவி இல்லே, கவுதாரி. இன்னொண்ணு வேணுமா?"

பன்றி மூக்கை நக்கிக்கொண்டு யோசித்தது. உத்தரவு வலிக்காது, கொத்து வலிக்கும். "சரி சரி, ஒரு முறம் அகலம் இருக்கட்டும். யாராவது கேட்டா நான் பார்க்கலேன்னு சொல்லிடுவேன்" என்று முனகிவிட்டுப் போய்விட்டது.

மேடு முழுவதும் மொட்டை. நடுவில் ஒரு முறம் அகலத்துக்குக் கொழிஞ்சி. அதற்குள் வீராயி.

கரடிகள் குளிர்மலையிலிருந்து பூச்செடிகளைச் சுமந்து வந்தன. அடடா, என்ன பூக்கள்! ரோஜா நிறத்தில் ஒன்று, பால் நிறத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் கரடியின் தலை அகலம். மயில் தானே நின்று வரிசை பிடித்து நட்டது. ஊரே திரண்டு வந்து பார்த்து வாயைப் பிளந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், வீராயியும் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தன.

மறுநாள் வெயில் ஏறியது. சரளைக்கல் சூடேறியது. மதில் சுவர் தன் பங்குக்கு அனலைத் திருப்பி அடித்தது. பூக்கள் தலையைத் தொங்கப் போட்டன.

"தண்ணீர்! தண்ணீர்!" என்று மயில் கூவியது.

எருமை குடிதண்ணீர்க் குட்டையிலிருந்து தோல்பையில் தண்ணீர் சுமந்து ஊற்றியது. ஊற்றிய தண்ணீர் சரளைக்குள் இறங்கி எங்கோ போய் மறைந்தது. மறுபடி சுமந்தது. மறுபடி மறைந்தது. குட்டையில் நீர் இறங்கி இறங்கிச் சேறு தெரிய ஆரம்பித்தது. குட்டிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று தாய்மார்கள் முணுமுணுத்தார்கள்.

"ஊருக்குத் தாகம் எடுக்குது, பூவுக்குக் குளிப்பாட்டு நடக்குது" என்று எருமை பெருமூச்சு விட்டது. ஆனாலும் சுமந்தது. அது சொன்ன வேலையைச் செய்கிற ஜீவன்.

அந்தப் பூக்களைக் குறை சொல்லாதீர்கள், பிள்ளைகளே. அவை பனியில் பிறந்தவை. கறுப்பு மண்ணில், மஞ்சு படிந்த நிழலில், ராணி மாதிரி இருந்தவை. அவற்றைப் பிடித்து வந்து அடுப்பின் மேல் உட்கார வைத்துவிட்டு, சிரி சிரி என்றால் எப்படிச் சிரிக்கும்? ஒவ்வொன்றாகக் கருகின. கடைசிச் செடி விழுந்தபோது மயிலுக்கும் கண் கலங்கியது.

அதே நேரத்தில் வீராயியின் முட்டைகள் பொரிந்தன. பஞ்சுருண்டை போலக் குஞ்சுகள் வெளியே வந்து, வந்த உடனே வாயைத் திறந்தன. பசி!

கவுதாரிக் குஞ்சு தானியம் தின்று வளராது. புழு வேண்டும், பூச்சி வேண்டும், எறும்பு வேண்டும். பூ இருந்தால் பூச்சி இருக்கும். மேடோ மொட்டை. முறம் அகலக் கொழிஞ்சியில் இருந்த பூச்சிகள் ஒரே வேளையில் தீர்ந்துபோயின. வீராயி காலால் சரளையைக் கீறிக் கீறிப் பார்த்தாள். ஓர் எறும்புகூட இல்லை. குஞ்சுகள் அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடின.

"அழாதீங்க கண்ணுகளா. இந்த மேட்டை விட்டு நாம போகமாட்டோம். மேட்டை நம்மகிட்டே திரும்ப வரவைப்பேன்" என்றாள். எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது.

அன்று மாலை சிங்கம் வாசலைப் பார்க்க வந்தது. கூடவே மயில், பின்னால் கழுதை. வீராயி குஞ்சுகளை இறக்கைக்குள் வாரிக்கொண்டு புதருக்குள் பதுங்கினாள்.

சிங்கம் மேட்டைப் பார்த்தது. கருகிய குச்சிகள். காய்ந்த மண். பறக்கிற புழுதி. அதன் பிடரி மயிர் சிலிர்த்தது.

"என்ன மந்திரி இது! பிணம் விழுந்த வீடு மாதிரி இருக்கிறது! முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது! வாசல் என்றால் கொஞ்சமாவது களை வேண்டாமா?"

வீராயிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

களை! ராஜா களை என்றாரா?

"ராஜா, நீங்கதானே களை கூடாதுன்னீங்க!" என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, அலகை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு சொல்லை விழுங்கியது அன்றைக்குத்தான்.

"பேசாதே!" என்று, ஏதோ சொல்ல வந்த மயிலைப் பார்த்து உறுமியது சிங்கம். "கார்த்திகை வந்தால் விருந்தாளி வந்துவிடும். அதற்குள் என்ன செய்வாயோ தெரியாது. போடு தண்டோரா! ஊர் வாசலில் களை வேண்டும்!"

மழைக்காலம் தொடங்க இருந்தது. சிங்கத்துக்கு மழையில் நனைவதென்றால் ஆகாது. உத்தரவைப் போட்டுவிட்டுக் குகைக்குள் போய்விட்டது.

காலையில் கழுதை தெருத்தெருவாகப் போனது. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஊர் வாசலில் களை வேண்டும்! இது ராஜா உத்தரவு!"

அது கத்தி முடிப்பதற்குள் வீராயி மதில்மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"கேட்டீங்களா எல்லாரும்? களை வேணுமாம்! பன்றியண்ணே, எருமையக்கா, வாங்க மேட்டுக்கு! ராஜா உத்தரவு!"

மயில் பதறிக்கொண்டு ஓடி வந்தது. "நில்லுங்கள்! ராஜா சொன்ன களை இந்தக் களை இல்லை! அது வேறு களை! அழகு, பொலிவு, அந்தக் களை!"

"அப்படியா?" என்று வீராயி கழுதையைப் பார்த்தாள். "தண்டோரா போட்டது நீதானே. எந்தக் களைன்னு ராஜா சொன்னாரா?"

கழுதை காதை ஆட்டியது. "களைன்னார். நான் களைன்னேன். எனக்குத் தெரிஞ்சு ஒரு களைதான்."

"மந்திரி, சந்தேகம் இருந்தா குகைக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க. 'ராஜா, நீங்க சொன்ன உத்தரவு தப்பாயிடுச்சு'ன்னு சொல்லுங்க. மலைப் பூ என்ன ஆச்சுன்னும் கேட்பார். அதையும் விவரமாச் சொல்லுங்க."

மயில் குகைப் பக்கம் ஓர் அடி வைத்தது. பிறகு அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மதிலின் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டது.

வேலை தொடங்கியது. பன்றிக்கு ஒரே குழப்பம். "போன மாசம் பிடுங்கச் சொன்னாங்க. இப்ப நடச் சொல்றாங்க. நல்ல பட்டணம்!"

"எதை எங்கே வைக்கிறது, வீராயி?" என்று கேட்டது எருமை.

"மந்திரி பண்ணின தப்பை நாம பண்ண வேணாம். பூவைப் பார்த்து இடம் தேட வேணாம். இடத்தைப் பார்த்துப் பூவைத் தேடுவோம். சொல்லுங்க, அவங்கவங்க இடத்திலே என்ன பூக்குது?"

எருமைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "மழைத் தண்ணி மேட்டிலேருந்து வழிஞ்சு மதிலோரப் பள்ளத்திலேதானே தேங்குது? நான் புரள்கிற சேற்றோரத்திலே நீர்முள்ளி நிற்கும். கால் நனைஞ்சே இருந்தாத்தான் அதுக்குச் சந்தோஷம். நீலமாப் பூக்கும். அதைக் கொண்டாந்து பள்ளத்திலே விடறேன்."

"நடக்கிற பாதையிலே?" என்று கேட்டாள் வீராயி.

"பொடுதலை. என் காலே அதன்மேலதான் தினம் போகுது. மிதிச்சா சாகாது, படர்ந்து படர்ந்து பூக்கும்."

பன்றிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "மதில்மேல கொடி ஏத்தணும்னா காந்தள் இருக்கு. நெருப்பு மாதிரிப் பூ. கிழங்கு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை கடிச்சுட்டு நான் பட்ட பாடு! அன்னைக்கிலேருந்து அதன் பக்கம் மூக்கை நீட்டினதில்லே."

"கொண்டு வா. தின்னுடாதே."

"சாகவா சொல்றே?"

மேட்டின் உச்சி வெயிலுக்கு ஆவாரைதான் சரி என்று எல்லாருக்கும் தெரியும். புதிதாக நடக்கூடத் தேவைப்படவில்லை. பன்றி முறித்துப் போட்ட ஆவாரையின் வேர் பாறை இடுக்கில் உயிரோடுதான் இருந்தது. அதன்மேல் கிடந்த கல்லை மட்டும் தள்ளி வைத்தார்கள். நெருஞ்சியை மட்டும் வீராயி சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாள். "அழகுதான், இல்லேங்கலே. ஆனா விருந்தாளி வெறுங்காலோட வர்றார். அது மதிலுக்குப் பின்னாலே இருக்கட்டும்."

தும்பை விதையும் கொழிஞ்சி விதையும் மண்ணில் ஏற்கெனவே கிடந்தன. பன்றி கிளறியபோதே அவை பரவிவிட்டன. ஒழிக்கத்தான் தோண்டினார்கள். அது விதைத்தது போலவே ஆகிவிட்டது.

வீராயியும் ஒரு முட்டாள்தனம் செய்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். எருமை பெருந்தன்மையாக ஒரு குவியல் சாணம் கொடுத்தது. வீராயி ஆசைப்பட்டு அதையெல்லாம் தும்பை முளைத்த ஒரு மூலையில் கொட்டச் சொன்னாள். மழை வந்ததும் அந்த மூலைத் தும்பை மட்டும் இலை இலையாகக் கொழுத்து, உயர்ந்து, ஒரு காற்றுக்குத் தரையில் சாய்ந்தது. பூ ஒன்றுகூட இல்லை.

"பசியிலே வளர்ற பிள்ளைக்கு விருந்து வச்சுக் கெடுத்துட்டேன்" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எருவுக்கு ஆசைப்படவில்லை.

மழை பெய்தது. விட்டு விட்டுப் பெய்தது. யாரும் தண்ணீர் சுமக்கவில்லை. குட்டை நிரம்பியது. எருமை கொண்டுவந்த சேற்று மண்ணிலிருந்த புழுக்களைப் பொறுக்கித்தான் குஞ்சுகள் அதுவரை பசியாறின. இப்போது மேட்டுக்கு முதலில் எறும்பு வந்தது. பிறகு வெட்டுக்கிளி வந்தது. ஒரு காலையில் தேனீ ரீங்காரம் கேட்டபோது வீராயியின் குஞ்சுகள் தொப்பை தள்ள மேட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. வீராயி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கார்த்திகை வந்தது. யானை ராஜா எல்லையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்ததும், சிங்கம் பிடரியைச் சீவிக்கொண்டு வாசலுக்கு வந்தது. வந்து பார்த்தது. நின்றுவிட்டது.

"தும்பை! கொழிஞ்சி! நீர்முள்ளி!" அதன் கர்ஜனையில் மதில் அதிர்ந்தது. "யார் செய்த வேலை இது?"

மயில் அலகால் மேட்டைக் காட்டியது. வீராயி அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒளியவில்லை.

"நான்தான் சொன்னேன், ராஜா. எல்லாரும் சேர்ந்து செஞ்சோம். உங்க உத்தரவு."

"நான் கேட்ட களை இதுவா?"

"தண்டோராவிலே ஒரு களைதான் வந்தது."

சிங்கம் ஒரு பாய்ச்சலில் மேட்டில் ஏறியது. அதன் பாதம் வீராயியின் தலைக்கு மேல் உயர்ந்தது. குஞ்சுகள் சிதறி ஓடிச் செடிகளுக்குள் மறைந்தன. வீராயி காலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

"என்னை அடிங்க. ஆனா மேட்டைத் தொடாதீங்க. பட்டணத்துப் பிள்ளைங்க குடிக்கிற தண்ணியைக் குடிக்காம, ஒருத்தர் கையையும் எதிர்பார்க்காம நிற்கிற செடிங்க இது. ஒரு தடவை பிடுங்கினீங்க. திரும்ப வந்துச்சு. இன்னும் பிடுங்கினா இன்னும் வரும். நானும் வருவேன்."

"பன்றி!" என்று உறுமியது சிங்கம். "பிடுங்கு இதை!"

பன்றி மூக்கைத் தரையில் வைத்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். பன்றி மூக்கைத் திரும்ப எடுத்தது.

"தண்டோரா போடாம நான் எதையும் பிடுங்கறதில்லே, ராஜா. சட்டம் அப்படி."

எருமை மெல்ல நடந்து வந்து, ஊரிலிருந்து வேறு யாரும் பிடுங்க வராதபடி மேட்டுக்கும் ஊருக்கும் நடுவே குறுக்காகப் படுத்துக்கொண்டது. அதன் பின்னால் கரடிகள் வந்து நின்றன. தண்ணீர்க் குட்டைக்கு அலைந்த தாய்மார்கள் வந்து நின்றார்கள்.

"சரி! தண்டோராதானே? கழுதை, இங்கே வா!"

"போடுங்க, ராஜா" என்றாள் வீராயி. "அதோ, யானை ராஜா வர்ற புழுதி தெரியுது. அவர் வாசல்லே காலை வைக்கிற நேரத்திலே, 'எங்கள் ஊர் வாசலில் களை வேண்டாம்'னு கழுதை கத்தட்டும். விருந்தாளி காது குளிரக் கேட்பார்."

கழுதை கத்துவதற்கு வாயைத் திறந்து தயாராக நின்றது.

சிங்கம் கழுதையைப் பார்த்தது. புழுதியைப் பார்த்தது. பாதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேட்டைப் பார்த்தது. வெறுப்போடுதான் பார்த்தது. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உச்சியில் ஆவாரை பொன்னாகக் கிடந்தது. சரிவெல்லாம் தும்பையும் கொழிஞ்சியும் வெள்ளையும் ஊதாவுமாக ஆடின. மதிலில் காந்தள் தீப்பிடித்தாற்போல் ஏறியிருந்தது. பள்ளத்தில் நீலம். எங்கே பார்த்தாலும் வண்ணத்துப்பூச்சி.

"மூடு வாயை" என்றது சிங்கம் கழுதையிடம். பாதத்தைத் தரையில் வைத்தது.

யானை ராஜா வந்தது. வாசலுக்கு வந்ததும் நின்றது. தும்பிக்கையை நீட்டி ஆவாரையை மோந்தது. காந்தளைச் சுற்றி வந்தது. பொடுதலையின் மேல் பாதத்தை வைத்துப் பார்த்து, அது நசுங்காததைக் கண்டு தலையை ஆட்டியது.

"எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறேன், சிங்க ராஜா" என்றது. "எல்லா வாசலிலும் எங்கிருந்தோ வந்த ஒரே பூதான். எந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்றே தெரியாது. உங்கள் வாசல்தான் எவ்வளவு களையாக இருக்கிறது!"

மயிலுக்கு மூச்சு நின்றது. சிங்கத்தின் காதுகள் விறைத்தன. களை என்று சொன்னது புகழ்ச்சியா, கேலியா? யானையின் முகத்தை உற்றுப் பார்த்தது. கேலி இல்லை.

சிங்கம் மெல்ல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "ஆமாம், ஆமாம். ஊர் வாசலில் களை வேண்டும் என்று நான்தான் உத்தரவு போட்டேன்."

மேட்டின்மேல், குஞ்சுகள் காலைச் சுற்றி நிற்க, வீராயி கழுத்தை நீட்டினாள். மதிலைத் தாண்டிக் கேட்கும் குரல் அது என்று முன்பே சொன்னேன் அல்லவா?

"உத்தரவு ராஜாவோடது!" என்று கூவினாள். "களை எங்களோடது!"

நீதி: சொந்த மண்ணில் வேர்விட்டதைக் களை என்று பிடுங்குகிற ஊர், தன் முகத்துக் களையைத்தான் பிடுங்கிக்கொள்கிறது.